ட்ரைபாட் வாங்கும் முன்

முட்டம் கடற்கரையில், தென்மேற்குப் பருவக்காற்று வலுத்திருந்த ஓர் ஆனி மாத மாலையில், என் முதல் ட்ரைபாட், அதாவது கேமராவைத் தாங்கும் மூன்று கால் ஸ்டாண்டு, கேமராவோடு சேர்ந்து பாறைமேல் சாய்ந்தது. லென்ஸின்முன் பொருத்தும் ஃபில்டர் ஒன்றை எடுப்பதற்காகப் பையை நோக்கி இரண்டடி நடந்திருந்தேன். திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லென்ஸின் முன்கண்ணாடி தப்பியது. ஆனால் கேமராவோடு லென்ஸ் பொருந்தும் உலோக வளையம் வளைந்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஆன செலவு, அந்த ட்ரைபாட்டின் விலையைப் போல ஐந்து மடங்கு. ட்ரைபாட் வந்த பெட்டியில் 5 கிலோ வரை தாங்கும் என்று அச்சிட்டிருந்தார்கள். என் கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது.

அந்த 5 கிலோ பொய்யில்லை என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். 5 கிலோ அரிசிப் பையை அதன்மேல் வைத்திருந்தால் அது உடையாமல் நின்றிருக்கும். ஒரு ட்ரைபாட் எவ்வளவு தாங்கும் என்பதை அளக்க எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொதுவான முறை கிடையாது. ஒவ்வொருவரும் தத்தம் வழியில் அளந்து ஓர் எண்ணை அச்சிடுகிறார்கள். படம் எடுப்பவருக்குத் தேவையானது எடை தாங்கும் திறனைவிட விறைப்பு, அதாவது தள்ளினால் வளையாமலும் முறுகாமலும் இருக்கும் தன்மையும், அசைந்தாலும் விரைவில் அடங்கிவிடும் தன்மையும். இவ்விரண்டும் எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படுவதில்லை.

ஆகவே, "எந்த ஸ்டாண்டு வாங்கலாம்?" என்று நண்பர்கள் கேட்கும்போது, நான் முதலில் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன்: உங்கள் படங்களைக் கெடுக்கும் அசைவு எங்கிருந்து வருகிறது? கையிலிருந்து வரலாம், காற்றிலிருந்து வரலாம், நிற்கும் தரையிலிருந்து வரலாம், கேமராவின் உள்ளிருந்தேகூட வரலாம். இந்த நான்கும் வெவ்வேறு குணமுடையவை; ஒன்றை அடக்கும் கருவி இன்னொன்றை அடக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் விலைப்பட்டியலைப் பார்த்து வாங்குகிறவர்கள், இரண்டு மூன்று ட்ரைபாட்களை வாங்கி வீட்டு மூலையில் சாய்த்துவைத்த பின்பே சரியானதை வந்தடைகிறார்கள். நானும் மூன்றாவதில்தான் வந்தடைந்தேன்.

கையின் அசைவுதான் நான்கிலும் எளிது. ஷட்டர் வேகம் (கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்) லென்ஸின்மேல் மி.மீ.யில் குறித்திருக்கும் குவியத் தூரத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்ற பழைய விதி, அதாவது 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 நொடி, 400 மி.மீ. லென்ஸுக்கு 1/400 நொடி என்பது, இன்றும் தொடக்கக் கணக்காகப் பயன்படும். கேமராவிலோ லென்ஸிலோ அசைவுத்தடுப்பு இருந்தால் இதைவிட மெதுவான வேகத்திலும் கையிலேயே பிடித்து எடுக்கலாம். அதற்கும் மேலே ஓர் உதவி வேண்டும் என்னும்போது, எல்லோரும் உடனே மூன்று கால்களைத் தேடுகிறார்கள். பல இடங்களில் ஒரே கால் போதும்.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிப்பவர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் ரத வீதிகளில் நெருக்கியடித்து நிற்கும் அந்தக் கூட்டத்தில் ட்ரைபாட்டை விரிப்பது நடக்காத காரியம். நடந்தாலும் அது பிறர் காலை இடறிவிடும் ஆபத்தான பொருள். அங்கே நான் கொண்டுபோவது மோனோபாட் என்னும் ஒற்றைக்கால் கோல். தேர் நின்று நின்று அசைந்து வரும் அந்த இரண்டு மூன்று மணிநேரமும், 70–200 மி.மீ. லென்ஸ் பொருத்திய கேமராவைக் கையிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் தோள் சோர்ந்துபோகும். சோர்ந்த தோள் நடுங்கும். மோனோபாட் அந்த எடையைத் தரைக்குக் கொடுத்துவிடுகிறது. கூட்டம் நகரும்போது ஒரு கையால் தூக்கிக்கொண்டு நாமும் நகர்ந்துவிடலாம்.

மோனோபாட்டை நேர்ச்செங்குத்தாக நட்டுவைத்துக்கொண்டு அதன் பின்னால் நிமிர்ந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன். அப்படி நின்றால் அது இடவலமாக ஆடிக்கொண்டே இருக்கும். கோலின் அடியைச் சற்று முன்னே தள்ளி ஊன்றி, கால்களை அகட்டி நின்று, உடலின் எடையைக் கொஞ்சம் அதன்மேல் சாய்க்கவேண்டும். நம் இரண்டு கால்களும் அந்தக் கோலும் சேர்ந்து ஒரு முக்கோணமாகும்போதுதான் அது நிலைக்கும். பட்டையைக் கையில் சுற்றிக்கொள்வதும், மேல்நோக்கி எடுக்கவேண்டியிருக்கும் இடங்களுக்காக முன்பின்னாக மட்டும் சாயும் சிறு ஹெட் (கேமராவைத் தாங்கித் திருப்ப உதவும் மேற்பகுதி) ஒன்றைப் பொருத்திக்கொள்வதும் பெரிய உதவி. மோனோபாட் மேல்கீழ் அசைவைத் தடுக்கும். சுழலும் அசைவையும் பக்கவாட்டு அசைவையும் முழுவதும் தடுக்காது. எனவே அசைவுத்தடுப்பை அணைக்காமல் வைத்திருக்கவேண்டும். ஒன்றைச் சொல்லியாகவேண்டும்: கேமராவை நிறுத்தும் எந்தக் கருவியும் தேரை நிறுத்தாது, வடம் இழுக்கும் கைகளை நிறுத்தாது. ஆள்களின் அசைவு உறையவேண்டும் என்றால் ஷட்டர் வேகம் 1/250 நொடியை ஒட்டி இருக்கத்தான் வேண்டும்.

காற்றுதான் எனக்குப் பாடம் சொன்னது. அதனால் அதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். குமரி மாவட்டத்தில் காற்று எப்படி அடிக்கும் என்பதை ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. இங்கே மாலை வெளிச்சத்தில் கடலை எடுக்க விரும்பினால் பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கருங்கண்ணாடி) போட்டு, 1/60 நொடியில் எடுக்கவேண்டிய படத்தைப் பதினேழு நொடிக்கு நீட்டுகிறோம். அந்தப் பதினேழு நொடியும் கேமரா தலைமுடி அளவுகூட நகரக்கூடாது. நிமிடத்துக்குப் பத்து முறை வீசித் தாக்கும் காற்றில் அது எளிதில்லை.

விறைப்பு முதலில் கால்களின் தடிமனில் இருக்கிறது. குழாய்ச் சுவரின் கனம் ஒன்றாகவே இருந்தால், வளைவை எதிர்க்கும் திறன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 22 மி.மீ. குழாயைவிட 28 மி.மீ. குழாய் பார்வைக்குச் சற்றே பருத்தது; விறைப்பிலோ அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. கால்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நுழையும் கட்டங்களால் ஆனவை. ஒவ்வொரு கட்டமும் மேலதைவிட மூன்று நான்கு மி.மீ. மெலிந்தது. மூன்று கட்டக் கால் மடக்கினால் நீளமாக இருக்கும். மோட்டார் பைக்கில் கட்டிப்போகத் தொந்தரவு. ஐந்து கட்டக் கால் மடக்கினால் பைக்குள் அடங்கும். ஆனால் அதன் கடைசிக் கட்டம் பென்சிலைவிடச் சற்றே தடித்த குச்சியாக இருக்கும். பயணத்துக்கென்று விற்கப்படும் சிறிய ட்ரைபாட்கள் பெரும்பாலும் இந்தக் குச்சியின்மேல்தான் நிற்கின்றன. என் முதல் ட்ரைபாட்டும் அப்படிப்பட்டதே. எடை வெறும் 900 கிராம்.

இரண்டாவது, நடுத்தண்டு. மூன்று கால்கள் எந்த மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்பதற்குக் காரணம், மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதுதான். நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது என்பது வீட்டிலேயே நாம் பார்த்தது. அந்த முக்காலியின் நடுவிலிருந்து ஒரு தண்டை உயர்த்தி அதன் நுனியில் கேமராவை வைக்கும்போது, மூன்று கால்களின் பயனை விட்டுவிட்டு மறுபடி ஒற்றைக்காலுக்குப் போய்விடுகிறோம். நடுத்தண்டே இல்லாத ட்ரைபாட் கிடைத்தால் அதை வாங்குவது நல்லது. இருந்தால், அதை உயர்த்தாமலே வேண்டிய உயரம் கிடைக்கிறதா என்று பார்க்கவேண்டும். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. என் உயரம் 168 செ.மீ.; கண்மட்டம் சுமார் 157 செ.மீ. ஹெட் 10 செ.மீ., கேமராவின் அடியிலிருந்து கண்பார்வைத் துளை வரை இன்னொரு 9 செ.மீ. இவற்றைக் கழித்தால் கால்கள் மட்டும் 138 செ.மீ. உயரம் தந்தால் எனக்குப் போதும். சரிவில் ஒரு காலை அதிகம் நீட்டவேண்டியிருக்கும் என்பதால் மேலும் பத்துப் பதினைந்து செ.மீ. இருந்தால் நன்று. கடைக்குப் போகும்முன் இந்த எண்ணைக் கணக்கிட்டுக்கொண்டு போகிறவர் ஏமாறுவதில்லை.

அலுமினியமா, கார்பன் இழையா என்பது அடுத்த கேள்வி. பிரான்சில் தோன்றிய கிட்ஸோ நிறுவனம் 1994இல் கார்பன் இழைக் கால்களைக் கொண்டுவந்தது. இன்று பல விலைகளில் பல நிறுவனங்கள் செய்கின்றன. கார்பன் இழை எடையில் குறைந்தது, அதிர்வை விரைவில் அடக்குகிறது, குளிர்ந்த மலையில் கையைச் சுடுவதுபோல் சில்லென்று ஒட்டாது. விலைதான் இரண்டு மூன்று மடங்கு. நாள் முழுவதும் தோளில் சுமந்து நடப்பவருக்கு அந்த விலை தகும். காரில் போய் இறங்கி அங்கேயே நிற்பவருக்குத் தடித்த அலுமினியக் கால்கள் எந்தக் குறையும் வைக்காது. காற்றில் அந்தக் கூடுதல் எடை உதவியும்கூட. மெல்லிய கார்பன் காலைவிடத் தடித்த அலுமினியக் கால் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இவற்றையெல்லாம் சொல்லால் நம்பவேண்டியதில்லை. வீட்டு மொட்டைமாடியில் சோதித்துப் பார்க்கலாம். எங்கள் தெருவின் கோடியில் ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன்மேல் ஊராட்சியின் பெயரைக் கறுப்பு எழுத்துகளில் எழுதியிருக்கிறார்கள். 200 மி.மீ. லென்ஸில் அந்த எழுத்துகளைக் குவித்து, பின்திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிவிட்டு, லென்ஸின் நுனியை விரலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன். பழைய ட்ரைபாட்டில், நடுத்தண்டை உயர்த்திய நிலையில், எழுத்துகள் திரையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகத் துள்ளி, அடங்குவதற்கு நான்கு நொடிக்கு மேல் ஆயிற்று. தண்டை இறக்கியபின் இரண்டு நொடி. பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய, 28 மி.மீ. கால்களுள்ள பழைய அலுமினிய ட்ரைபாட்டில் எழுத்துகள் ஒருமுறை நடுங்கிவிட்டு நின்றன. அந்த நடுக்கம் எனக்கு எந்த விமர்சனக் கட்டுரையும் சொல்லாததைச் சொன்னது. கடையில் வாங்கும்போதும் இதைச் செய்யலாம். நல்ல கடைக்காரர்கள் மறுப்பதில்லை.

நல்ல கால்களை வாங்கியபிறகும் அவற்றை ஊன்றத் தெரியவேண்டும். கட்டங்களை நீட்டும்போது மேலுள்ள தடித்த கட்டங்களை முதலில் முழுவதும் நீட்டி, மெல்லியதைக் கடைசியாக, தேவையான அளவு மட்டும் நீட்டவேண்டும். கடலோரத்தில் மட்டும் இது மாறும்: அலை வந்து நனைக்கும் இடமானால் கடைசிக் கட்டத்தைக் கொஞ்சம் நீட்டி, கட்டங்களை இறுக்கும் பூட்டு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு கால் லென்ஸ் நோக்கும் திசையிலேயே முன்னோக்கி இருக்கட்டும். முன்பாரம் அதன்மேல் இறங்கும், நமக்கும் மற்ற இரு கால்களுக்கு நடுவே நிற்க இடம் கிடைக்கும். காற்று பலமாக இருந்தால் அது தள்ளும் திசைக்கு ஒரு காலைக் கொடுப்பதே முதன்மை. கவிழ்வதானால் அந்தத் திசையில்தான் கவிழும். சரிவில் நிற்கும்போது நடுத்தண்டு குண்டுநூல்போலச் செங்குத்தாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

நடுவிலுள்ள கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் நிலைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். காற்றில்லாத இடத்தில் அது சரி. காற்றடிக்கும் இடத்தில் தொங்கும் பை ஊஞ்சலாடும். அதன் ஆட்டம் கால்களின் வழியே கேமராவுக்கு ஏறும். பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி கயிற்றின் நீளத்தை வைக்கவேண்டும். நான் ஒரு மஞ்சள்பையை மட்டும் மடித்துக் கொண்டுபோகிறேன். கரையில் அதை மணலால் நிரப்பிக் கட்டிவிட்டு, கிளம்பும்போது கொட்டிவிடுகிறேன். சுமந்து போகவேண்டியதில்லை.

ஈரமணலில் ஒரு சிக்கல் உண்டு. அலை திரும்பும்போது காலின் அடியிலுள்ள மணலையும் அரித்துக்கொண்டு போகும். நம் குதிகாலின்கீழ் மணல் நழுவுவதை உணர்கிறோமே, அதேதான். முப்பது நொடிப் படத்தின் நடுவே ஒரு கால் அரை மி.மீ. இறங்கினாலும் படம் போயிற்று. ஆகவே ட்ரைபாட்டை வைத்தவுடன் எடுக்கக்கூடாது. ஒவ்வொரு காலையும் அழுத்தி மணலுக்குள் புதைத்து, இரண்டு அலைகள் வந்துபோகவிட்டு, மறுபடி அழுத்திவிட்டுப் பிறகு எடுக்கவேண்டும். திருச்செந்தூரிலும் தனுஷ்கோடியிலும் இப்படித்தான் எடுத்தேன். பாறையில் இந்தத் தொல்லை இல்லை; அங்கே, ஊன்றும் கல் ஆடாததா என்பதைக் காலால் மிதித்துப் பார்த்தாகவேண்டும். முட்டத்தில் நான் பார்க்கத் தவறியது அதுதான்.

ஹெட் வாங்கும்போது மனத்தில் கொள்ளவேண்டியது, அதைப் பூட்டிய பின் படச்சட்டகம் கீழே சரிகிறதா என்பதே. பந்தின்மேல் எத்திசையும் திரும்பும் பால் ஹெட் வகையில் மலிவானவற்றில், குமிழை இறுக்கிக் கையை எடுத்ததும் கேமரா ஒரு நூல் அளவு தலைகுனியும். பெரிய லென்ஸில் அந்த ஒரு நூல் அளவே கோபுரக் கலசத்தைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடும். பந்து பெரிதாக இருந்தால் இந்தச் சரிவு குறையும். கேமராவின் அடியில் பொருத்தும் தகடு, ஆர்க்கா-சுவிஸ் என்னும் பரவலான வகையில் சுமார் 38 மி.மீ. அகலமுள்ளதாக இருந்தால், பிற்காலத்தில் வேறு நிறுவனத்தின் ஹெட்டை வாங்கினாலும் பெரும்பாலும் பொருந்தும். கேமராவில் ஏறும் திருகாணி எங்கும் 1/4 அங்குலம்தான். ஹெட் கால்களோடு சேரும் திருகாணி பெரும்பாலும் 3/8 அங்குலம். செங்குத்துப் படங்களை நிறைய எடுப்பவர்கள் எல் வடிவத் தகட்டை வாங்கிவிடுங்கள். ஹெட்டைப் பக்கவாட்டில் சாய்த்துக் கேமராவை அந்தரத்தில் தொங்கவிடும் தேவை அதோடு தீர்ந்துவிடும். நீண்ட லென்ஸில் அதற்கென்றே ஒரு வளையக் கால் இருக்கும். ட்ரைபாட்டில் பொருத்தவேண்டியது அதைத்தான், கேமராவை அல்ல.

பறவை எடுப்பவர்களின் தேவை வேறு. கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்க, குளத்தின் கரையில் நின்றுகொண்டு, நீரில் இறங்கும் கூழைக்கடா ஒன்றை 500 மி.மீ. லென்ஸால் தொடர்ந்து பிடிக்கவேண்டும் என்றால், பால் ஹெட்டை இறுக்கவும் முடியாது, தளர்த்தவும் முடியாது. தளர்த்தினால் லென்ஸ் சட்டென்று கவிழ்ந்து விரலை நசுக்கும். அங்கே வேண்டியது கிம்பல் ஹெட். லென்ஸ் தன் எடைமையத்தில் ஊஞ்சல்போல் தொங்குவதால், பூட்டாமலே எந்தக் கோணத்திலும் நிற்கும், ஒரு விரலால் தள்ளினால் நகரும். லென்ஸின் வளையக் காலை முன்னும் பின்னும் நகர்த்தி, கையை எடுத்தாலும் லென்ஸ் தலை தூக்காமலும் குனியாமலும் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முதல் நாளில் பத்து நிமிடம் செலவிட்டால் போதும். அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவின் உள்ளிருந்து வரும் அசைவைப் பலர் நம்புவதே இல்லை. எஸ்.எல்.ஆர். கேமராக்களில், லென்ஸின் ஒளியைக் கண்பார்வைத் துளைக்குத் திருப்பும் உள்கண்ணாடி மேலே எழும்பி மோதும் அதிர்வும், ஷட்டரின் திரை ஓடும் அதிர்வும் நீண்ட லென்ஸில் நன்றாகவே தெரியும். மிக வேகமான ஷட்டரில் அது வெளிப்படும் முன்பே படம் முடிந்துவிடும்; பல நொடிப் படத்தில் அது மொத்த நேரத்தில் சிறு பங்குதான். இடைப்பட்ட 1/4 நொடி முதல் 1/30 நொடி வரையில்தான் அது படத்தை மழுங்கடிக்கும். கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவைக்கும் வசதியையும், ஷட்டரின் முதல் திரையை ஓடவிடாமல் பதிவைத் தொடங்கும் மின்னணு முன்திரையையும் பயன்படுத்தினால் பெரிதும் தீரும். பொத்தானை விரலால் அழுத்துவதும் அசைவுதான் என்பதால் இரண்டு நொடித் தாமதத்தை நான் எப்போதும் வைத்திருக்கிறேன். பழைய லென்ஸ்களில் அசைவுத்தடுப்பை ட்ரைபாட்டில் அணைத்துவிடவேண்டும். அது இல்லாத அசைவைத் தேடித் தானே அசைந்து படத்தைக் கெடுத்துவிடும். புதியவற்றில் பல, ட்ரைபாட்டில் இருப்பதை உணர்ந்து தாமே அடங்கிவிடுகின்றன.

தரையே அசைந்தால் எவ்வளவு விலையுயர்ந்த ட்ரைபாட்டாலும் பயனில்லை. பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் நின்று, பக்கத்தில் கடலுக்குமேல் ஓடும் ரயில் பாலத்தை அந்தி வெளிச்சத்தில் எடுக்க முயன்றவர்களுக்கு இது தெரியும். பேருந்து ஒன்று கடந்தால் பாலமே மெல்ல அதிரும். அது கால்களின் வழியே அப்படியே மேலேறும். வண்டிகள் ஓய்ந்த இடைவெளிக்காகக் காத்திருந்து, எட்டு நொடிப் படத்தை இரண்டு நொடியாகக் குறைத்து, கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துவதுதான் ஒரே வழி.

முதுமலையில் வனத்துறை வண்டியில் போகும்போது தரை அசையும் என்பதோடு, மூன்று கால்களை விரிக்க இடமும் இருக்காது. அங்கே உதவுவது பீன் பேக். கால்சட்டைத் துணியில் தைத்து, நடுவில் ஒரு மடிப்பு வைத்து, ஜன்னல் சட்டத்தின்மேல் இருபுறமும் தொங்கும்படி போடும் ஒரு பை, அவ்வளவுதான். அதன்மேல் லென்ஸை அழுத்தி வைத்தால் தன் உருவத்துக்கேற்பக் குழி பறித்துக்கொண்டு அமர்ந்துவிடும். நான் முதலில் அம்மாவிடம் இரண்டு கிலோ தட்டைப்பயறு கேட்டு வாங்கி நிரப்பினேன். மிக நன்றாக இருந்தது. மழைக்காலம் முழுவதும் அலமாரியில் வைத்துவிட்டதால் பயற்றில் வண்டு விழுந்துவிட்டது. இப்போது பையை வெறுமையாகவே மடித்துக் கொண்டுபோய், கூடலூரில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொண்டு, திரும்பும்போது தங்கிய வீட்டாரிடம் கொடுத்துவிடுகிறேன். ஓட்டுநரிடம் எஞ்சினை அணைக்கச் சொல்லிப் பணிவாகக் கேட்பது, இந்தப் பையைவிடவும் பெரிய உதவி.

ட்ரைபாட்டை அனுமதிக்காத இடங்களும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் போன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில், வெளிப்பிராகாரத்தில் கையில் பிடித்து எடுக்கலாம். ட்ரைபாட் விரிக்க முன்அனுமதி பெறவேண்டும். அனுமதி வாங்காமல் கெஞ்சிப் பார்ப்பது காவலரையும் சங்கடப்படுத்துவது. அதை நான் செய்வதில்லை. அங்கே துண்டு ஒன்றை நான்காக மடித்துத் தரையில் வைத்து, அதன்மேல் கேமராவை மல்லாத்தி, இரண்டு நொடித் தாமதத்தில் விமானத்தை நேர்கீழிருந்து எடுத்திருக்கிறேன். திருச்சுற்று மாளிகையின் தூணில் கேமராவை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தால் 1/8 நொடி வரை நன்றாகவே வரும். 1/4 அங்குலத் திருகாணி ஒன்றில் கயிற்றைக் கட்டிக் கேமராவின் அடியில் பொருத்தி, கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பது இன்னொரு வழி. செலவு இருபது ரூபாய்கூட ஆகாது.

அந்தப் பிராகாரத்தில் நிற்கும்போதெல்லாம் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியை நினைத்துக்கொள்வேன். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1858இல் தஞ்சைக்கு வந்த அவர், பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். நீண்ட நேரம் ஒளியேற்றி எடுக்கவேண்டிய காலம் அது. சுவரிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், ஒரே மட்டத்தில் அந்தப் பெரிய மரப்பெட்டியை ஒவ்வொரு முறையும் நகர்த்தி நிறுத்தாமல் அந்தப் படங்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்காது. கேமராவை நிலையாக நிறுத்துவது ஒரு தனிக் கலை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று அந்தக் கல்வெட்டு வரிசைதான்.

விண்மீன்களை எடுக்க ஜவ்வாது மலைக்குப் போகிறவர்களுக்கு மூன்று கால்களைத் தவிர வேறு வழியில்லை. 500ஐக் குவியத் தூரத்தால் வகுத்தால் வரும் நொடிகள்வரை விண்மீன்கள் கோடாக இழுபடாது என்பது தொடக்கக் கணக்கு, 20 மி.மீ. லென்ஸுக்கு அது 25 நொடி. இருட்டில் பூட்டுகள் சரியாக இறுகியிருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே முறுக்கும் பூட்டோ, மடக்கும் பூட்டோ, கையின் பழக்கத்துக்கு வந்த ஒன்றை மட்டும் கொண்டுபோகவேண்டும். கைப்பேசியில் எடுப்பவர்களும் ஒரு சிறு ட்ரைபாட்டில் அதைப் பொருத்திப் பார்க்கலாம். சில கைப்பேசிகள் தாம் அசையாமல் நிற்பதை உணர்ந்து, இரவுப் படத்துக்கான நேரத்தைத் தாமே நீட்டிக்கொள்கின்றன.

புதிதாகத் தொடங்குகிறவர் கையில் உள்ள பணம் குறைவானால், புதிய மெல்லிய ட்ரைபாட்டை வாங்குவதைவிடப் பழைய, தடித்த கால்களுள்ள ஒன்றை இரண்டாம் கையாக வாங்கும்படியே சொல்வேன். லென்ஸைப்போல இதில் பூஞ்சை பிடிக்காது. கேமராவைப்போல இது மூன்றாண்டில் பழசாகாது. திருமண ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் பலர் பழைய வீடியோ ட்ரைபாட்களைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். அவற்றின் ஹெட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்முன் மூன்று கால்களையும் முழுவதும் நீட்டிப் பூட்டிவிட்டு, மேலிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எந்தக் கட்டமும் உள்ளே நழுவக்கூடாது.

கடலுக்குப் போய்வந்த ட்ரைபாட்டை அன்றிரவே கழுவவேண்டும். முதலில் மடக்காமல், நீட்டிய நிலையிலேயே நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். மணலோடு மடக்கினால் அந்த மணல் பூட்டுக்குள் ஏறிவிடும். மாதம் ஒருமுறை முறுக்குப் பூட்டுகளைக் கழற்றி, கட்டங்களை உருவி வெளியே எடுக்கிறேன். ஒவ்வொரு கட்டத்தின் மேல்முனையிலும் நகத்தளவு பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். எந்தத் தகடு எந்தப் பள்ளத்தில் உட்காருகிறது என்பதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகே கழற்றவேண்டும். பழைய பல்துலக்கியால் திருகு வரிகளைத் தேய்த்து, துணியால் துடைத்து, காயவைத்து, வரிகளில் மட்டும் மிக மெல்லியதாகக் கிரீஸ் தடவவேண்டும். எண்ணெய் போடவே கூடாது. எண்ணெய் மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அலுமினியத்தில் வெண்பொடி பூத்திருந்தால் அது உப்பின் வேலை; கார்பன் கால்களிலும் பூட்டு வளையங்கள் உலோகம் என்பதால் அவற்றுக்கும் இதே கவனிப்பு வேண்டும். முட்டத்துக்கு மறுபடி போய்வந்த சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு, கிணற்றடிச் சிமெண்டுத் தளத்தில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து மூன்று கால்களையும் பிரித்துப் போட்டேன். இடப்பக்கக் காலின் கடைசிப் பூட்டைத் தட்டியபோது அரைக் கரண்டிக் கருமணல் தாளின்மேல் கொட்டியது.